சும்மா வைத்திருந்த நான்கு ஆண்டுகள்

அப்பாவின் தலைத் திவசம் 2024 தை மாதம் மன்னார்குடி வீட்டில் நடந்தது. பந்தி முடிந்து, திண்ணையில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான சித்தப்பா, பாக்கை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்: "ஆனாலும் கேன்சர்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் நாலு வருஷம் மனுஷனைச் சும்மா வச்சிருந்தீங்களேப்பா." குரலில் கோபம் இல்லை. மழை பெய்யவில்லையே என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அதனால்தானோ என்னவோ, அது இன்றுவரை என்னை விடவில்லை.

அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது. சித்தியின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்ட குடும்பம் அது. கல்யாணம் நன்றாகவே நடந்தது. அடுத்த ஆடிக்குச் சித்தி இல்லை. புற்றுநோய் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்பது அவருக்குப் படித்துத் தெரிந்த செய்தியன்று, பட்டுத் தெரிந்தது. அப்படிப்பட்டவரிடம், "சித்தப்பா, சில புற்றுநோய்களுக்கு உடனே மருந்து கொடுக்கக் கூடாது" என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்பதும், அந்தப் பகுதி அவர் நினைத்த இடத்தில் இல்லை என்பதும் புலப்பட்டன.

நாணய அடுக்கு

அப்பா ரயில்வே மெயில் சர்வீசில் சார்ட்டராக முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவர். ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் இரவு முழுக்க நின்றுகொண்டு, மரத்தட்டுகளில் ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்துப் போடும் வேலை. ஓய்வுபெற்ற பின்னும் அந்த நிற்கும் பழக்கம் போகவில்லை. பேப்பரைக்கூட நின்றுகொண்டுதான் படிப்பார். 2014 நவம்பரில் அவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசதி" என்றார். அப்போது அவருக்கு எழுபது வயது.

உள்ளூர் மருத்துவர் வழக்கமான சோதனைகளை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 11.6. அந்த வயதுக்கு அது பெரிய குறை அன்று. ஆனால் இ.எஸ்.ஆர். 118 என்று வந்தது. இரத்தத்தை ஒரு நெட்டைக் குழாயில் ஊற்றி நிறுத்தி வைத்தால், சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்க்கும் எளிய சோதனை அது. எழுபது வயதுக்காரருக்கு முப்பது, நாற்பது என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நூறைத் தாண்டினால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். எக்ஸ்ரே, சளிச் சோதனை, கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் அளந்து பார்ப்பது என்று இரண்டு வாரம் அதிலேயே போயிற்று. காசநோய் இல்லை.

அடுத்த கதவைத் திறந்தவர் மருத்துவர் அல்லர். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்த வயதான டெக்னீஷியன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டில் தேய்த்த ஒரு துளி இரத்தம். சிவப்பணுக்கள் தனித்தனி வட்டங்களாக உதிர்ந்து கிடக்க வேண்டும் என்றார். அப்பாவுடையவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, உண்டியலைக் கொட்டி எண்ணி அடுக்கிய ஒரு ரூபாய் நாணயங்களைப் போல வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. "அணுவுல கோளாறு இல்ல சார். அது மிதக்குற தண்ணியிலதான் ஏதோ பசை கூடிப்போச்சு. புரோட்டீனைப் பாருங்க" என்றார். பார்த்தோம். இரத்தத்திலுள்ள மொத்தப் புரதம் 9.4, அதில் ஆல்புமின் போக மீதி 6 கிராம். வழக்கமாக மீதி 3 அளவில்தான் இருக்கும். அந்தப் புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டு வரைந்த தாளில், தாழ்வான மேடுகள் இருக்க வேண்டிய கடைசிப் பகுதியில் ஒரே ஒரு கூர்மையான கோபுரம் நின்றது.

மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போனோம். இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுத்தார்கள். 2015 ஜனவரியில் பெயர் வந்தது: வால்டன்ஸ்ட்ரோம் மேக்ரோகுளோபுலினீமியா. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று பேருக்குப் புதிதாக வரக்கூடியது என்று மேலைநாட்டுக் கணக்கு சொல்கிறது. அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேருக்குத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பெண்களைவிட ஆண்களே அதிகம்.

ஒரே கடிதம்

நோய் இன்னதென்று எங்களுக்கு விளக்கிய இரத்தவியல் மருத்துவர் நடுத்தர வயது அம்மையார். பொறுமையாகத் தாளில் வரைந்து காட்டினார். வெள்ளையணுக்களில் ஒரு வகை, கிருமியைக் கண்டதும் முதிர்ந்து, எதிர்ப்பொருள் சுரக்கும் அணுவாக மாற வேண்டும். அந்த வழியில் பாதி தூரம் போன ஓர் அணு, அங்கேயே நின்றுவிட்டுத் தன்னைத்தானே மெதுவாகப் பெருக்கிக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் இடம் பிடித்துக்கொண்டு, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐ.ஜி.எம். என்னும் ஒரே எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கிறது.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அதாவது ஒருத்தன் ஒரே கடிதத்தை ஒரே விலாசத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கான். வாங்குறதுக்கு ஆளில்ல. பை எல்லாம் சார்ட்டிங் ஆபீஸ்லயே குவியுது" என்றார். அந்த அம்மையார் பேனாவை மூடிவிட்டு, "இதை இனிமே நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கிறேன் சார்" என்றார்.

அந்தக் கடிதம் பெரிய கடிதம் என்பதுதான் இந்த நோயின் தனிக்குணம். எதிர்ப்பொருள்களில் பொதுவானது ஐ.ஜி.ஜி.; அது ஒற்றை ஆள். ஐ.ஜி.எம். என்பது ஐந்து பேர் கைகோத்துக் கும்மியடிக்க நிற்பது போன்ற வட்டம். ஆறு மடங்கு எடை. அந்த வட்டம் இரத்தக்குழாயின் சுவரைத் தாண்டி எளிதில் வெளியே போக முடியாது. பெரும்பகுதி குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. அது கூடக்கூட இரத்தம் கெட்டிப்படுகிறது. "பாகு மாதிரியா?" என்று அம்மா கேட்டாள். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறவளுக்குப் பதம் என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்த விஷயம். "ஆமாம்மா. இப்போ இளம்பாகுகூட இல்ல. கம்பிப் பதம் வந்துடாம பாத்துக்கணும்" என்றார் மருத்துவர். எங்கள் வீட்டில் நோயின் நிலையைப் பேசும் மொழி அன்றிலிருந்து அதுவாகவே ஆகிவிட்டது.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவர். மூக்கிலும் வாயிலும் இரத்தம் கசிந்து, சோகையோடு, இ.எஸ்.ஆர். மிக உயர்ந்திருந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி அவர் 1944இல் எழுதினார். அவர் இருந்த உப்சாலாவில்தான், அதிவேகமாகச் சுழற்றிப் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியை ஸ்வெட்பெரி உருவாக்கியிருந்தார். அந்த நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருந்த புரதத்தை அந்தக் கருவியில் இட்டுச் சுழற்றியபோது, அதன் மூலக்கூறு எடை கிட்டத்தட்ட பத்து லட்சம் என்று தெரிந்தது. பெரும்புரதம் என்ற பொருளில் நோய்க்குப் பெயர் வந்தது அப்படித்தான். அந்த இருவரின் இரத்தம் அப்போதே கெட்டியாக இருந்திருக்கிறது என்பதை இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. அவர்களுக்கு யாராவது பதம் பார்த்திருப்பார்களா?

சொல்லாமல் வைத்த மூன்று வாரம்

அன்றைக்கு மருத்துவரின் அறையில் பேசியதெல்லாம் "இரத்தத்தில் ஒரு கோளாறு" என்ற அளவில்தான். புற்றுநோய் என்ற சொல்லை அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நம்மூரில் 'அடையாறு' என்று சொன்னாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம். 1954இல் அங்கே தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் ஊரின் பெயரே நோயின் இடக்கரடக்கலாகிவிட்டது. அதிலும் இரத்தப் புற்றுநோய் என்றால், கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்து அதிரும் ஒரு சினிமாக் காட்சி எல்லோருடைய தலைக்குள்ளும் இருக்கிறது. நானும் தம்பியும் கூடிப் பேசி, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இதைப் போன்ற முடிவுகளை எடுக்கும்போது நமக்கு ஒரு பொறுப்புணர்ச்சி வருகிறது. உண்மையில் அது பயத்துக்கு நாம் போட்டுவிடும் சட்டை.

மூன்றாவது வாரம் அப்பா அறிக்கைக் கோப்பைத் தானே எடுத்துப் படித்து, பேத்தியின் கைப்பேசியில் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். இரவு சாப்பாட்டின்போது, "பாம்பிடூவுக்கு வந்ததாமே இது" என்றார். பிரான்சின் ஜனாதிபதி ழார்ழ் பாம்பிடூ 1974 ஏப்ரல் 2ஆம் தேதி பதவியில் இருக்கும்போதே இந்த நோயில் இறந்தவர். அப்பாவுக்கு அந்தப் பெயர் அந்தக் காலத்துச் செய்தித்தாளில் படித்த நினைவு. "ஜனாதிபதிக்கு வர்ற நோய்னா மரியாதையான நோய்தான்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். நாங்கள் தலையைத் தூக்கவில்லை.

பாம்பிடூவின் நோயை அவருடைய அரசாங்கம் கடைசிவரை மறைத்தது. முகம் வீங்கி, நடை தளர்ந்து அவர் வந்ததை 1973இல் நிக்சனைச் சந்திக்க ரெய்க்யவிக் போனபோது உலகமே பார்த்தது; ஆனால் அறிவிப்புகளில் சளிக்காய்ச்சல் என்றே இருந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1978 டிசம்பரில், அல்ஜீரியாவின் ஜனாதிபதி பூமெதியன் இறந்ததும் இதே நோயில்தான். அவ்வளவு அரிய நோய் இரண்டு நாட்டுத் தலைவர்களை அடுத்தடுத்துப் பிடித்ததை விதி என்பதா, வெறும் தற்செயல் என்பதா, தெரியவில்லை. எனக்கு உறைத்தது வேறு. ஒரு நாட்டின் அரசாங்கம் செய்ததைத்தான் மன்னார்குடியில் நாங்களும் செய்துகொண்டிருந்தோம், அதுவும் நோயாளிக்கே தெரியாமல்.

நோட்டுப் புத்தகம்

அடுத்த முறை சென்னைக்குப் போனபோது அப்பாவே பேசினார். "எப்போ மருந்து ஆரம்பிக்கிறீங்கம்மா?" மருத்துவர், "இப்போ வேண்டாம் சார்" என்றார்.

இந்த இடத்தில்தான் சித்தப்பா சொன்ன 'சும்மா' தொடங்குகிறது. எனக்கும் அன்றைக்கு அது ஏற்கவில்லை. பணம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிட்டாரோ, வயதாகிவிட்டது என்று கைவிடுகிறாரோ என்றெல்லாம் தோன்றியது. வேறு இரண்டு மருத்துவர்களிடம் கோப்பைக் காட்டினேன். இருவரும் அதையேதான் சொன்னார்கள். காரணம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இந்த நோயை இன்றைய மருந்துகளால் அடக்கலாமே தவிர வேரோடு எடுக்க முடியாது. தொந்தரவு எதுவும் இல்லாதபோது முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மருந்து வெறும் கையோடு வருவதும் இல்லை. நல்ல அணுக்களையும் குறைக்கும், தொற்றுக்கு வழிவிடும், சில மருந்துகள் கை கால் நரம்புகளை மரக்கச் செய்யும். தேவை வரும் நாளுக்காக வைத்திருக்க வேண்டிய ஆயுதத்தைத் தேவை இல்லாத நாளில் செலவழித்துவிடக் கூடாது. எப்போது தொடங்குவது என்பதற்கு 2002இல் ஏதென்சில் கூடிய மருத்துவர்கள் வகுத்த வரையறை உண்டு. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்குவது, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, இரத்தம் கெட்டிப்பட்டதன் அறிகுறிகள், நரம்புப் பாதிப்பு, விடாத காய்ச்சல், எடைக்குறைவு போன்றவை அதில் வரும். ஐ.ஜி.எம். கூடிவிட்டது என்பது மட்டுமே போதிய காரணமாகாது. அறிகுறி இல்லாத 48 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் பத்தில் ஆறு பேருக்கு நோய் முற்றிச் சிகிச்சை தேவைப்பட்டது. பத்து ஆண்டு கழித்தும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அப்படியே இருந்தார்கள். நாம் எந்தப் பங்கில் இருக்கிறோம் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்துடுங்க. மூக்குல, ஈறுல ரத்தம் வந்தா, பார்வை மங்கினா, தலைவலி, கிறுகிறுப்பு இருந்தா தேதி பாக்காதீங்க, உடனே வாங்க. பாக்கிறதும் வைத்தியம்தான் சார்" என்றார் மருத்துவர்.

அப்பாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. தபால் பெட்டியில் அவருடைய வேலையில் பாதி பதிவேடுதான். ஒவ்வொரு நிலையத்திலும் ஏற வேண்டிய பை, இறங்க வேண்டிய பை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வர வேண்டிய பை வரவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமனே விடக் கூடாது. 'வரவில்லை' என்று எழுத வேண்டும். "பை வராதது உன் தப்பில்ல. கட்டத்தைக் காலியா விட்டா அது உன் தப்பு" என்று சின்ன வயதில் எங்களுக்குக் கணக்குப் பாடம் சொல்லும்போது சொல்வார். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் போட்டார். இடப்பக்கம் நீல மையில் எண்கள்: தேதி, ஹீமோகுளோபின், தட்டணு, ஐ.ஜி.எம். வலப்பக்கம் உடம்பு பற்றிய குறிப்புகள்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் மூன்று ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். ஐ.ஜி.எம். சாதாரணமாக 40இலிருந்து 230 மில்லிகிராம் வரை இருக்கும். அப்பாவுக்குத் தொடக்கத்தில் 2,900. பிறகு 3,050. ஒரு முறை 2,980க்கு இறங்கி எல்லோரையும் மகிழ்வித்தது. பிறகு 3,300, 3,600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரயில், சென்னையில் தங்கை வீடு, காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு மெரினாவில் ஒரு நடை. தங்கையின் மகன் நடை பழகியது, பள்ளிக்கூடம் சேர்ந்தது எல்லாம் அப்பாவின் ஐ.ஜி.எம். வரிசையோடு சேர்ந்தே எனக்கு நினைவிருக்கிறது. 2015 ஜனவரியில்தான் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதன்முதலாக ஒரு மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது; இப்ரூட்டினிப் என்று பெயர். 2012இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் புற்றணுக்களில் எம்.ஒய்.டி.88 என்னும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டிருந்தார்கள். 'வேலையைத் தொடங்கு' என்ற சமிக்ஞையை அணைக்க முடியாமல் செய்துவிடும் மாற்றம் அது. அந்தச் சமிக்ஞையின் வழியில் குறுக்கே நிற்பதே அந்த மாத்திரை. விலை அப்போது எங்களுக்கு எட்டாதது, தேவையும் வரவில்லை. காத்திருப்பவர்களுக்கு ஒரு லாபம் உண்டு என்பதை நான் கண்டுகொண்டது அப்போதுதான். அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் மருத்துவமும் நகர்கிறது.

ஆகவே சித்தப்பாவின் கணக்கில் முதல் மூன்றே கால் ஆண்டுகளை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சும்மா இருந்த காலம் இல்லை.

தஞ்சாவூர் கண் மருத்துவமனை

2018 மார்ச்சில் ஐ.ஜி.எம். 4,150. ஹீமோகுளோபின் 10.8. "கொஞ்சம் கூடுது. ஜூன்ல தவறாம வாங்க" என்றார் மருத்துவர்.

ஜூனில் எனக்கு அலுவலகத்தில் மாறுதல் வந்தது. மகளின் கல்லூரிச் சேர்க்கை அதே மாதம். தம்பி ஊரில் இல்லை. "அடுத்த மாசம் போயிக்கலாம், எனக்கு ஒண்ணுமில்ல" என்று அப்பாவே சொன்னார். நாங்கள் அதைக் கேட்கக் காத்திருந்தவர்களைப் போல உடனே சரி என்றோம். ஜூலை போயிற்று. ஆகஸ்டில் இரண்டு நாள் காலையில் மூக்கில் இரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி, நன்னாரி ஊறப்போட்டுக் கொடுத்தாள். செப்டம்பரில் பேப்பர் எழுத்து மங்குகிறது என்றார். எழுபத்து நான்கு வயதில் பார்வை மங்கினால் கண்புரை என்பது யாருக்குத் தெரியாது? மருத்துவர் முதல் நாளே சொன்ன பட்டியலில் இருந்த இரண்டும் வரிசையாக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் வீட்டிலேயே காரணம் கண்டுபிடித்து நாங்கள் வழியனுப்பி வைத்தோம். மெதுவாக வளரும் நோய் இப்படித்தான் ஏமாற்றுகிறது. மூன்று ஆண்டு ஒன்றும் நடக்காததால், இனிமேலும் ஒன்றும் நடக்காது என்ற பழக்கம் நமக்குள் வளர்ந்துவிடுகிறது.

அக்டோபரில் கண்புரை அறுவைக்கு நாள் குறிக்கத்தான் தஞ்சாவூரிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருக்கக்கூடிய ஒரு பெண் மருத்துவர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற கண்ணையும் பார்த்தார். எழுந்துபோய்ப் பெரிய மருத்துவரைக் கூட்டிவந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, படம் எடுத்தார்கள்.

திரையில் அப்பாவின் கண்ணின் உட்புறம் ஆரஞ்சு நிற நிலவைப் போலத் தெரிந்தது. அதன் நடுவிலிருந்து பிரிந்து ஓடும் குழாய்கள் மெல்லிய கோடுகளாக இருக்க வேண்டுமாம். அவை தடித்து, முறுக்கிக்கொண்டு, இடையிடையே இறுகி, அடுத்து மீண்டும் உப்பி, இடைவெளிவிட்டுக் கட்டிய பூச்சரத்தைப் போலக் கிடந்தன. ஓரங்களில் தீக்கொழுந்து வடிவத்தில் இரத்தக் கசிவுகள். வேறு எந்த உறுப்பிலும் தோலை அறுக்காமல் இப்படி இரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடியாது. மன்னார்குடியில் நாங்கள் பார்க்காமல் விட்டது அங்கே உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

"ஐயா, உங்களுக்கு ரத்தத்துல ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார்.

"இருக்கும்மா. வால்டன்ஸ்ட்ரோம்" என்று அப்பா பிசகாமல் சொல்லி, பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். கண் கூசியதால் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்கி இடப்பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் விரலை வைத்துக் கடைசி வரிக்கு வந்தார். "மார்ச். அதுக்கப்புறம்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் யாரோ சிந்திய சொட்டு மருந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

அன்றிரவே ரயில் ஏறினோம். ஐ.ஜி.எம். 7,200, ஹீமோகுளோபின் 8.9. இரத்தத் திரவத்தின் பாகுத்தன்மை தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்கு சொச்சம் இருக்க வேண்டியது ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. கம்பிப் பதம். மறுநாள் காலை பிளாஸ்மா மாற்றும் இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். ஒரு குழாய் வழியே இரத்தம் வெளியே வந்து, சுழன்று, அணுக்கள் மட்டும் புதிய ஆல்புமின் திரவத்தோடு உடம்புக்குத் திரும்பின. பழைய பிளாஸ்மா ஒரு பையில் சேர்ந்தது. விளக்கெண்ணெய் நிறம். பையைச் சாய்த்தால் அது உடனே சாயவில்லை, சற்று யோசித்துச் சாய்ந்தது. கைகோத்த அந்த ஐவர் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே இருப்பதால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு விரைவாக வேலை செய்கிறது. இரண்டாம் முறை செய்த மறுநாள் அப்பா, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் சிறிய எழுத்தைப் படித்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்டமஸ்டினும் ரிட்டுக்ஸிமாபும் சேர்ந்த சிகிச்சை, நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு சுற்று. ரிட்டுக்ஸிமாப் தொடங்கியதும் ஐ.ஜி.எம். குறையாமல் திடீரென எகிறும் ஒரு விபரீதம் பலருக்கு நேர்வதுண்டு என்பதால், ஐ.ஜி.எம். நன்றாக இறங்கும்வரை அதைத் தொடவில்லை. முதல் சுற்று முடிந்து ஊர் திரும்பியிருந்தபோது, நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. கொல்லைத் தென்னைகள் அத்தனையும் சாய்ந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊரில், வெள்ளையணு குறைந்த மனிதரைக் கொசுவலைக்குள் உட்காரவைத்து, கொதிக்கவைத்த தண்ணீரை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. 2019 வசந்தத்துக்குள் ஐ.ஜி.எம். 600. கண்ணிலிருந்த கசிவுகள் வடிந்தன. இடக்கண்ணின் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் தங்கிவிட்டது. மீண்டும் நின்றுகொண்டு பேப்பர் படித்தார், தலையை ஒரு பக்கம் சற்றே சாய்த்து.

2023 ஜனவரியில் நிமோனியா வந்து பதினோரு நாளில் போய்விட்டார். அப்போது ஐ.ஜி.எம். அடங்கியே இருந்தது. வால்டன்ஸ்ட்ரோமில் இறக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் ஒரே கடிதத்தை எழுதிக் குவிக்கும் உடம்பில் மற்ற எதிர்ப்பொருள்கள் குறைந்துபோகும் என்பதும், சிகிச்சையும் அவற்றைக் குறைக்கும் என்பதும், இந்த நோயாளிகளைத் தொற்று எளிதில் சாய்க்கும் என்பதும் எனக்குத் தெரியும். எனவே அந்த ஆசையைப் பாதியோடு விட்டுவிட்டேன்.

வலப்பக்கம்

சித்தப்பா சொன்ன நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து, பரணிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அவரிடம் காட்டி, இதோ பாருங்கள், எத்தனை முறை போயிருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பதின்மூன்று வரிகள் நீல மையில், ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டு வந்து 2018 மார்ச்சில் நின்றேன். அடுத்த வரி அக்டோபர். அன்றைக்குத் தஞ்சாவூரில் நான் பிரித்துக் கொடுத்தது இந்த இடப்பக்கத்தைத்தான். வலப்பக்கத்தை அப்போது நானும் பார்க்கவில்லை, மருத்துவரும் பார்க்கவில்லை.

வலப்பக்கத்தில் பென்சிலால், கோடு விலகிய எழுத்தில், கீழே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வரும் எழுத்தில், இப்படி இருந்தது:

ஜூன் 14 – போகவில்லை.
ஆக. 3 – மூக்கில் இரத்தம். காலை.
ஆக. 4 – அதே.
செப். 13 – போகவில்லை.
செப். 20 – பேப்பரில் தலைப்பு மட்டும் தெரிகிறது.
அக். 2 – தலைப்பும் இல்லை.

பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். ஆகஸ்டு வரிகளுக்கு எதிரே 'சூடு?' என்று இருந்தது. 'போகவில்லை' என்ற இரண்டு வரிகளுக்கும் எதிரே கட்டத்தைக் காலியாக விடாமல், ஸ்கேல் வைத்து ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.